லெவ்க்ட்ராவில் தப்பிய அரசன்

கலமாத்தா,
6 மார்ச் 2017

மதிப்பிற்குரிய வரலாற்று ஆசிரியர் சராந்தோஸ் அவர்களுக்கு,

வரும் ஏப்ரல் 27, வியாழக்கிழமை, தங்கள் பள்ளி மாணவர்களுக்குப் பண்டைய மெசினி நகரத்தைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அவ்வளவுதான் மரியாதை. இதற்கு மேல் எனக்கு வரவில்லை. சராந்தோஸ், உங்கள் தலைமையாசிரியை எங்கள் வழிகாட்டிகள் சங்கத்தில் ஆள் கேட்டிருக்கிறார். அன்றைக்கு வேலை இல்லாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். சரி என்று சொன்ன பிறகுதான் கூட வரும் ஆசிரியர் யார் என்று பார்த்தேன். மறுத்திருக்கலாம். பன்னிரண்டு வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியவள் மூன்று மணி நேரத்துக்குப் பயப்படுவதா என்று விட்டுவிட்டேன்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீதான் முடித்து வைக்கிறாய். காகிதத்தில் உன் கை நுழைய முடியாது. பார், இது வரைக்கும் எல்லா வாக்கியத்தையும் நானே முடித்திருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. நுழைவு வாசலிலிருந்து நீங்கள் திரும்பப் பஸ் ஏறும் வரை நான் மட்டும்தான் பேசுவேன். நீ வரலாறு படித்தவன், எனக்குத் தெரியும். நான் சொல்வதில் விட்டுப்போனது இருக்கும், சுருக்கியது இருக்கும், நீயாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாய். இருக்கட்டும். ஒரே ஒரு முறை நீ குறுக்கே வாய் திறந்தாலும், வழிகாட்டிக் குடையை உன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். வக்கீல் மூலம் நான் அனுப்பிய விவாகரத்துத் தாள்கள் கிறிஸ்துமஸிலிருந்து உன்னிடம் இருக்கின்றன. கையெழுத்துப் போடு என்று உன்னை நான் விரட்டவில்லை. ஆனால் கோடை வருவதற்குள் போடுகிறாயா இல்லையா என்று ஒரு பதில் வேண்டும். இப்படி அந்தரத்தில் நின்றுகொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எவந்தியா


ஸ்பார்ட்டா,
14 மார்ச் 2017

எவந்தியா,

நிபந்தனைக்குச் சம்மதம். வாசலிலேயே வாயைப் பூட்டிச் சாவியை ஓட்டுநரிடம் கொடுத்துவிடுகிறேன். சுருக்கப் பேசுவது என்றால் உலகமே எங்கள் ஊரைத்தான் கைகாட்டுகிறது. அந்த ஊரில் பிறந்த பிள்ளை ஏன் இப்படி ஓயாமல் பேசுகிறது என்று உன் அம்மா நம் கல்யாண விருந்திலேயே கேட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

எங்கே போகிறோம் என்று வகுப்பில் சொன்னேன். "நாம வெளிய வரக்கூடாதுன்னு கட்டின ஊர்தானே சார் அது? அங்க போயி நாம என்ன செய்யப்போறோம்?" என்று மிர்த்தோ கேட்டாள். கெட்டிக்காரப் பெண். அடுத்தவரைப் பேச விடமாட்டாள். யாரிடம் கற்றாளோ.

உன் கடிதத்தில் ஒரு சின்ன விஷயம்... வேண்டாம். விட்டுவிட்டேன். பார், விட முடிகிறது.

இந்த வருடம் ஆரஞ்சு கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. ஒற்றை ஆள் எவ்வளவுதான் தின்பது? பயணத்தன்று ஒரு மூட்டை கொண்டுவருகிறேன். இதற்கும் உன் நிபந்தனைக்கும் சம்பந்தமில்லை, ஆரஞ்சு பேசாது.

தாள்கள் சமையலறை மேசையில் பழத்தட்டுக்கு அடியில் இருக்கின்றன. காலையில் காபியை வைத்துக்கொண்டு அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயணம் முடிந்ததும் பதில் சொல்கிறேன், சத்தியமாக.

நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்றால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு எலெனி வீட்டில் நீ ஏன் பாதியில் எழுந்து போனாய் என்று எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. ஒரு கிழமையைத்தானே திருத்தினேன்?

சராந்தோஸ்


கலமாத்தா,
29 மார்ச் 2017

சராந்தோஸ்,

விடுதலைத் திருவிழாவின் ஊர்வலத்தால் ஒரு வாரமாக இங்கே தெருவில் கால் வைக்க முடியவில்லை. இப்போதுதான் ஊர் அடங்கியிருக்கிறது. நான் சித்தியின் ரொட்டிக்கடை மாடியில்தான் இன்னும் இருக்கிறேன். காலையில் அடுப்புச் சூடு தரை வழியாக ஏறி வருகிறது, கணப்புக்குச் செலவே இல்லை. பிள்ளைகளிடம் தொப்பியும் தண்ணீரும் கொண்டுவரச் சொல். அங்கே நிழல் கிடையாது.

ஒரு கிழமையைத்தானே திருத்தினேன் என்று கேட்கிறாய். கேட்டதால் எழுதுகிறேன்.

உன் அக்கா எலெனியின் பெயர் நாள் விருந்து அது, அவள் பெயர்கொண்ட புனிதையின் திருநாள். மேசையைச் சுற்றி உங்கள் வீட்டுச் சனம் முழுக்க இருந்தது. என் அப்பா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவருடைய கடைசி நாளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, உன்னிடமும்கூட. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது. "செவ்வாய்க்கிழமை காலைல எழுந்திரிச்சு உக்காந்து, எனக்கொரு காபி போட்டுத் தாம்மான்னு கேட்டாரு..." என்று ஆரம்பித்தேன். "செவ்வாய் இல்ல, புதன்" என்றாய், வாயில் ரொட்டியோடு. எல்லோரும் உன் பக்கம் திரும்பினார்கள். நீயும் எலெனியும் செவ்வாயா புதனா என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தீர்கள். உன் அத்தான், தான் பல் வைத்தியரிடம் போன கிழமையைச் சொன்னார். பிறகு பேச்சு பல் வலிக்குப் போய்விட்டது.

அப்பா காபி கேட்ட பிறகு என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. அதனால்தான் எழுந்து போனேன். கோபம் இல்லை சராந்தோஸ். அந்த மேசையில் நான் இல்லாமலே பேச்சு நன்றாக நடந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்து எனக்கு வெறுத்துப்போயிற்று.

வியாழக்கிழமை காலை நுழைவு வாசலில் நிற்பேன். குடை மஞ்சள் நிறம்.

எவந்தியா


ஸ்பார்ட்டா,
30 ஏப்ரல் 2017

எவந்தியா,

பிள்ளைகள் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். தைகெட்டோஸ் மலை வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். நீ பொரித்துக் கொண்டுவந்து கொடுத்த லலாங்கிப் பலகாரம்தான் காரணம், ஆளுக்கு ஏழெட்டுத் தின்றுவிட்டார்கள் என்று ஓட்டுநர் சொல்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இப்போது அது பழகிவிட்டது.

அன்றைய நாளைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அர்காடியா வாசலில் நீ குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ பெரிய செவுரு யாருக்காகக் கட்டினது தெரியுமா? உங்களுக்காகத்தான்" என்றதும் எங்கள் பிள்ளைகள் ஊ என்று கூச்சல் போட்டார்களே, அந்தக் கூச்சலுக்கு நீ சிரித்த சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. எங்கள் முன்னோர்கள் உங்கள் சனத்தை அடிமையாக வைத்து வேலை வாங்கியது, தீப்ஸ் படை எங்களை லெவ்க்ட்ராவில் அடித்தது, சிதறிப்போன உங்கள் சனம் கடல் கடந்து திரும்பி வந்து இந்த ஊரைக் கட்டியது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாய். "அப்ப நாங்க மன்னிப்புக் கேக்கணுமா மேடம்?" என்றாள் மிர்த்தோ. "வேணாம். குப்பை போடாம போனா போதும்" என்றாய்.

இதே பாடத்தை நான் பதினைந்து வருடமாக நடத்துகிறேன். நான் சொல்லி ஒரு பிள்ளையும் இப்படிக் கண்கொட்டாமல் கேட்டதில்லை.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அஸ்கிலிபியோஸ் கோயிலுக்கு வருவதற்குள் நாக்கு நுனியில் நாலு விஷயம் வரிசை கட்டி நின்றன. ஒரு ஆரஞ்சை உரித்துத் தோலை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டேன். கசப்பு நல்ல மருந்து. பிறகு விளையாட்டரங்கத்துக் கல் படிகளில் எல்லோரையும் உட்கார வைத்து, லெவ்க்ட்ரா போரில் ஸ்பார்ட்டா அரசர் எப்படித் தப்பித்து வீடு வந்து சேர்ந்தார் என்று சொன்னாய். மிர்த்தோ என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், அந்த ராஜா அங்கயே செத்துட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்க பேசுறப்ப குறுக்க பேசாத" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. இத்தனை வருடத்தில் யாராவது இதை என்னிடம் சொல்லியிருக்கலாம். நீ சொல்லியிருக்கிறாய், நான்தான் அந்த வாக்கியத்தையும் பாதியில் முடித்து வைத்திருப்பேன். நாக்குத் தவறுவது எல்லோருக்கும் நடப்பது, அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. நான் நினைத்தது வேறு. மூன்று மணி நேரம் நீ பேசியதில் ஒரு வாக்கியமும் பாதியில் நிற்கவில்லை. உன் முகம் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த முகம். நான் கூட இருந்தபோது அந்த முகம் எங்கே போயிருந்தது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். பதில் தெரிந்தது, பிடிக்கவில்லை.

அதனால் பழத்தட்டுக்கு அடியிலிருந்து தாள்களை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த உறையிலேயே இருக்கின்றன. எனக்கு விருப்பம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. உன்னை விட்டுப் பிரிய எனக்கு மனமே இல்லை. ஆனால் நீ அங்கே நன்றாக இருக்கிறாய். அதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஆரஞ்சைச் சித்திக்கும் கொடு.

சராந்தோஸ்


கலமாத்தா,
5 மே 2017

சராந்தோஸ்,

அந்த அரசர் செத்துப்போனார். லெவ்க்ட்ராவிலேயே, வாள் பட்டு. எனக்கு நன்றாகத் தெரியும். வருடத்துக்கு நூறு தடவை அவரை நான் சாகடிக்கிறேன், அதுவும் அதே கல் படியில் நின்று. அன்றைக்கு வேண்டுமென்றேதான் உயிரோடு அனுப்பி வைத்தேன்.

ஏன் என்றால், உன்னை மாட்டிவிடத்தான். ஸ்பார்ட்டாக்காரன் எதை வேண்டுமானாலும் பொறுப்பான், தன் அரசன் போர்க்களத்தை விட்டு ஓடி வந்தான் என்று அவன் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னால் பொறுப்பானா? நீ துள்ளி எழுந்திருப்பாய், குடையை உன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம், இந்த ஆள் மாற மாட்டான் என்று மனசை ஆற்றிக்கொண்டு அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நிறுத்திக்கூடப் பார்த்தேன். நீ காலடியில் போன எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. பிறகு அந்தப் பெண்ணுக்கு நீ சொன்ன பதில் என் காதில் விழுந்தது. அந்தக் கல் படிகளில் எது பேசினாலும் கீழே கேட்கும்.

மீதி இடத்தை எப்படிச் சுற்றிக்காட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. நீ பார்த்த அந்த நல்ல முகம் அதற்கு முந்தியது.

உங்கள் பஸ் போன பிறகு மாவ்ரோமாத்தி ஊர்ச் சுனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தாகத்துக்கு வந்த ஒரு ஜெர்மன் குழு என்னை நோயாளி என்று நினைத்து மாத்திரை கொடுத்தது. முப்பது பிள்ளைகள் தப்பான வரலாற்றைத் தெரிந்துகொண்டு மலையேறிப் போகிறார்கள், அதைத் திருத்த வேண்டிய ஒரே ஆள் எனக்காக வாயை மூடிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். இது எனக்கு வேண்டாம். ஊமைப் புருஷனை நான் கேட்கவே இல்லை. என் பேச்சை நான் முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு நீ பேச வேண்டும். விடிய விடியப் பேசு, யார் வேண்டாம் என்றார்கள்?

நான் நன்றாக இருக்கிறேன் என்று உன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். பார்த்தாய், கேட்கவில்லை.

உன் கையெழுத்துப் போட்ட தாள்கள் ரொட்டிக்கடை மேசையில் கிடக்கின்றன. என் இடம் காலியாகத்தான் இருக்கிறது. இன்னும் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை, 13ஆம் தேதி, எனக்கு வேலை இல்லை. அதே விளையாட்டரங்கத்துக்கு வா. காலையில் நான் அங்கே இருப்பேன். அந்த அரசரை நீயே உன் வாயால் சாகடித்து விட்டுப் போ. வரவில்லை என்றால் திங்கட்கிழமை தாள்களை வக்கீலிடம் கொடுத்துவிடுவேன், உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. அது புதன்கிழமைதான். அன்றைக்கே எனக்குத் தெரியும்.

எவந்தியா


ஸ்பார்ட்டா,
9 மே 2017

எவந்தியா,

சனிக்கிழமை வருகிறேன். அரசர் எங்கும் ஓடிவிட மாட்டார், அவர் காத்திருக்கட்டும்.

காபி கேட்ட பிறகு உன் அப்பா என்ன சொன்னார்?

சராந்தோஸ்