ஓடிப்போன வைப்பு

எல்கடுவ,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஷியாமுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் தங்கச்சி நிஷாந்தினியும் சுகமாக இருக்கிறோம், கட்டாரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். லீவு முடிந்து திரும்புகிற, உன்னோடு அங்கே தங்கியிருக்கிற ஜெஸ்டினிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் உனக்கு சிக்னல் போய்விடுகிறது.

அலுவிகாரையில் கடை வைத்திருந்த உன் ஞானமுத்து மாமா, பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன், சாகும் முன் கடையை விற்று நாற்பத்திரண்டு லட்சத்தை எனக்கு எழுதி வைத்தது உனக்குத் தெரியும். அது தெரிந்த நாளிலிருந்துதான் உனக்கு அம்மா ஞாபகமும் வருகிறது. அப்பா செத்த இந்த இரண்டு வருஷத்தில் அதுவரை நீ எடுத்த கோலை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், போன வாரம் மட்டும் ஏழு. "அம்மா, அங்க வெச்சா பத்திரமில்ல, என் அக்கவுண்டுக்குப் போட்ருங்க, நான் பத்திரமா பாத்துக்கிறேன்" என்றாய். அந்தக் காசுக்கு வந்த செக்கை வேதாகமத்துக்குள் வைத்து ஒன்பது நாள் காவல் இருந்தோம். நிஷாந்தினி பிள்ளைமடுவத்துக்கு ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செக்கைத் திருடினாலும் யாரும் மாற்ற முடியாதென்று அவள் சொன்னாள், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பக்கத்துக் காம்பரா புஷ்பவதி தங்கம் வாங்கச் சொன்னாள், அவள் புருஷன் காணி வாங்கச் சொன்னார்.

பத்திரம் என்று நீ சொன்னதும் எனக்கு உன் அப்பாதான் கண்ணுக்குள் வந்தார். முப்பத்தாறு வருஷம் தேயிலை மலையேறி உழைத்த சேமலாபக் காசு ஒன்பது லட்சத்தையும் உன் கூட்டாளி வேலை செய்த பைனான்ஸ் கம்பனியில் போடச் சொன்னது நீதானே. ரசீதில் நிலையான வைப்பு என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அந்த மனுஷன் லயம் முழுக்கக் காட்டிச் சிரித்தார், "இந்த வயசுல எனக்கொரு வைப்பு, அதுவும் நிலையான வைப்பு, கொறற்றி, நீ கண்டுக்காத" என்று என்னைப் பார்த்து. நானும் விளக்குமாற்றைத் தூக்கினேன். பதினொரு மாதத்தில் கம்பனியை இழுத்து மூடினார்கள். மாத்தளைக்குப் போய் மூடின கதவைப் பார்த்துவிட்டு வந்தவர், "வைப்பு ஓடிப்போயிருச்சு" என்று மட்டும் சொன்னார். சிரிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த ரசீதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார், சாகிறவரை. ஆள் பிடித்துக் கொடுத்தால் அந்தக் கம்பனியில் கமிஷன் உண்டு, அப்பா காசுக்கும் உனக்கு வந்தது என்று ஜெஸ்டின் இந்த முறை வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. பெற்ற தகப்பன் காசில் கமிஷன் வாங்க உனக்கு எப்படி மனசு வந்தது? எனக்கு வயிறு எரிகிறது மகனே, இதை எழுதும்போதும் எரிகிறது.

நேற்று அரசாங்க பேங்கில் என் ஒருத்தி பெயரில் போட்டுவிட்டேன். வட்டி குறைவுதான், இருந்துவிட்டுப் போகட்டும். கவுண்டரில் இருந்த பிள்ளை, "உங்களுக்குப் பொறகு யாருக்கும்மா, பேரை எழுதுங்க" என்று ஃபோமை நீட்டியது. யோசிக்கவே இல்லை, கை தானாக உன் பெயரை எழுதிவிட்டது. மூத்த பிள்ளை என்ற பழக்கம். பார்த்ததும் வெட்டப் போனேன். "வெட்டி எழுதக் கூடாதும்மா, புது ஃபோம் தாறேன்" என்றது. புதியதில் நிஷாந்தினி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். வருகிற பதினெட்டாம் திகதி அப்பாவின் இரண்டாம் வருஷப் பூசை, அங்கே கோயில் இருந்தால் ஒரு மெழுகுதிரி ஏற்று. மாதா உன்னைக் காக்கட்டும், என் கோபம் உன்மேல் சாபமாக விழாமலும் அவளே பார்த்துக்கொள்ளட்டும். உன் பெயர் எழுதின அந்த ஃபோமை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
இ. மரிய கொறற்றி