ஆமென் வரை மூடிய கண்கள்

1990 செப்ரெம்பர், ஞாயிறு

குருநகரில் ஷெல் குண்டுகள் விழுந்து ஓடிவந்த மீனவக் குடும்பங்கள் எங்கள் தேவாலயத்தின் வெளி விறாந்தையில் மூன்று நாளாகக் கிடக்கின்றன. இன்று ஆராதனை முடிவில் போதகர் கேட்டார்: "பிள்ளையளுக்குக் காய்ச்சல் துவங்கியிட்டுது. ஆர் வீட்டிலை ஒரு அறை குடுப்பியள்? கையை உயர்த்துங்கோ."

ஒரு கையும் எழவில்லை. முன்வரிசையில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் மெல்லத் தலை குனிந்து கண்களை மூடினார். அதைப் பார்த்து மற்றவர்களும் மூடினார்கள். கண் மூடியவர்களைச் செபம் முடியும்வரை குழப்பக் கூடாது என்பது எங்கள் பழக்கம். போதகரும் காத்து நின்றார்.

அண்ணை கனடா போனதிலிருந்து அவருடைய அறையில் நான்தான் படிக்கிறேன். எனக்கு அமைதி வேண்டும். போன மாதம் வாலிபர் சங்கத்தில் இக்காலக் கிறிஸ்தவரின் சுயநலம் பற்றி அரைமணி நேரம் பேசியவனும் நான்தான்.

அம்மா முழங்கையால் இடித்தார். "தம்பி, அண்ணையின்ரை அறை..."

"பேசாமல் இருங்கோ அம்மா. செபம் நடக்குது."

நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

விறாந்தையில் ஒரு குழந்தை சிணுங்கியது. தாயின் குரல் உள்ளே தெளிவாகக் கேட்டது: "சத்தம் போடாதை ராசா. அவையள் எங்களுக்காகச் செபிக்கினம்."

கடைசியில் போதகர் ஆமென் என்றார். எல்லோரும் ஆமென் என்றோம். வெளியே அவளும் சொன்னாள், எங்களைவிட உரத்து.

இப்போது பக்கத்தில் அண்ணையின் அறையில் அம்மா என் புத்தகங்களை இறக்கிப் பெட்டியில் அடுக்குகிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழும்பிப் போய் உதவ வேண்டும். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.