சர்க்கரைக் கட்டி கரையும் வரை

இன்று மதியம் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்ததும் காக்டெயிலில் சொட்டுகிற அந்தப் பிட்டர்ஸ் புட்டியின் வாடை வந்தது. கிராம்பும் ஏதோ மரப்பட்டையும் கலந்த கசப்பு வாடை. மூடி சரியாகத் திருகப்படவில்லை. கடைசியாக மூடியது நீங்கள்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலியும் ஒரு காரணம்.

பனியன் சரக்கு கப்பல் ஏறியதும், அதை வாங்கும் வெளிநாட்டு பையரை வீட்டுக்கு அழைத்து ஷாம்பெயின் காக்டெயில் கொடுப்பது உங்கள் வழக்கம். முதல் தடவை கிளாஸில் சர்க்கரைக் கட்டி போட்டு, அதன்மேல் பிட்டர்ஸ் சொட்டி, கொஞ்சம் பிராந்தியும் ஷாம்பெயினும் ஊற்றினீர்கள். எல்லாம் சரிதான். பிறகு, சர்க்கரை கரையட்டும் என்று இரண்டு டம்ளரில் தூக்கி ஆற்றினீர்களே, காபியை ஆற்றுவதுபோல! நுரையெல்லாம் தரைவிரிப்பில். மிச்சத்தை அந்த வெள்ளைக்கார மனுஷர் முகம் சுளிக்காமல் குடித்தார். "ஏனுங்க, அவருக்கு ஆறிப்போனாத்தான் புடிக்குமுங்களா?" என்று கேட்டேன். அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள்.

அதற்குப் பிறகு கரண்டியையே பக்கத்தில் வைக்க விடமாட்டீர்கள். "கலக்காத அம்மிணி, அது தன்னால கரையும்" என்பீர்கள். கட்டி கரையும்வரை யாரும் ஆர்டர் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டீர்கள். குடிக்காத எனக்குச் சோடாவில் ஒரு கட்டி.

நீங்கள் போய்ச் சேர்ந்தபின் கம்பெனி என் தலையில். நூல் வரவில்லை, சாயப்பட்டறையில் ஷேடு மாறிவிட்டது, தைக்கிற ஒடிசாக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று தினமும் காலையிலிருந்து போன். உங்களுக்காக உட்கார்ந்து அழக்கூட இந்தக் கம்பெனி என்னை விடவில்லை. உங்கள்மேல் கோபம்தான் வருகிறது. கையில் இருந்த ஆர்டர் இன்றோடு முடிந்தது. இனி முடியாது, மூடிவிடுகிறேன் என்று சொல்லத்தான் பையரை வரச்சொன்னேன்.

சாயங்காலம் அதே மனுஷர் வந்தார். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெல்ல ஊற்றிக் கொடுத்தேன். சோடாவில் கட்டி போட்டு எனக்கும் ஒன்று. "உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்று ஆரம்பித்தேன். அவர் என் கிளாஸைக் காட்டி, "இன்னும் கரையவில்லையே" என்றார். உங்கள் சட்டம், அவருடைய இங்கிலீஷில்.

கட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். நீங்கள் போனபிறகு வேலை எதுவும் இல்லாமல் நான் உட்கார்ந்தது அப்போதுதான். கீழே கம்பெனியிலிருந்து கட்டிங் மாஸ்டர் ஏறி வந்து வாசலில் நின்றார். "அக்கா, நாளைக்குத் தையல் லைன் ஓடுமுங்களா?" பின்னாலேயே நாலைந்து பேர் படியில் நின்றிருந்தார்கள். "இருங்க மாஸ்டர், சொல்றேன்" என்றேன். சோடாவில் குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. நான் கலக்கவில்லை.

கரைந்தது.

"அடுத்த சீசனும் செய்கிறேன். பாதி ஆர்டர் மட்டும்" என்றேன். முழுசாகச் செய்யலாமே என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். முழுசையும் இழுத்துப் போட்டுக்கொண்டது நீங்கள். அதில்தான் உங்கள் இதயம் நின்றுபோனது. மாஸ்டரிடம் "ஓடுமுங்க" என்றேன்.

நீங்கள் விட்டுப்போனதில் என்னால் தூக்க முடிவது பாதிதான். அதைத் தூக்குகிறேன்.