நீங்கள் இல்லாத ஊரில் தாரணி

அதுதானுங்க நங்கை, நீங்கள் நினைத்தபடியே நடந்துவிட்டது. காலையில் தொண்டாமுத்தூரில் உங்கள் வீட்டுக்குள் கால் வைத்தேன், அரிசியும் பருப்பும் சாதம் வாசம். சின்ன வெங்காயமும் சீரகமும் நெய்யில் பொரிகிற வாசம். என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் நீங்கள் வைத்த அதே பக்குவம். "நங்கை" என்று கூப்பிட்டே விட்டேன். கரண்டியோடு வெளியே வந்தது உங்கள் மகள் தாரணி.

"வாங்கத்தை, மொதல்ல சாப்பிடுங்க. ஒரு சேதி இருக்குது" என்றாள்.

இந்தப் பிள்ளைதானே காலேஜ் சேர்ந்த பிறகும் காந்திபுரம் துணிக்கடையில் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது? என்ன கலர் வேண்டும் என்று கடைக்காரர் அவளைக் கேட்பார், பச்சை என்று நீங்கள் சொல்வீர்கள்.

காலேஜிலிருந்து ஆறு மாதம் ஜெர்மனிக்குப் போய்ப் படிக்க அவளுக்கு இடம் வந்தபோது உங்களுக்கு வியாதி முற்றத் தொடங்கியிருந்தது. பெற்ற மகள் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் என்று சொந்தமெல்லாம் சொன்னது. அண்ணன் முடியவே முடியாது என்றார். நீங்கள் என்னை மருதமலைக்குக் கூட்டிப்போய், பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்து சொன்னீர்கள்: "என்னைப் பாத்துக்க நீங்கெல்லாம் இருக்கீங்க அம்மணி. அவளப் பாத்துக்க அவதான் இருக்கோணும். நானில்லாத ஊர்ல கொஞ்ச நாள் இருந்து பழகட்டும்."

மேலே போய் முருகனிடம் விசா கேட்டேன். எட்டாவதோடு நின்ற எனக்கு அந்த வார்த்தையே அப்போதுதான் பழக்கம். கிடைத்துவிட்டது.

முதல் வாரம் முழுக்க ஃபோனில் அழுகை. நீங்கள் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுத் தென்னந்தோப்புப் பக்கம் நடந்துவிடுவீர்கள். அப்புறம் ஒருநாள் பனி கொட்டும்போது ரயில் மாறி ஏறி, ஏதோ ஊரில் இறங்கி, ஒரு பாட்டியம்மாவிடம் அரைகுறை பாஷையில் வழி கேட்டுத் தானாகவே திரும்பி வந்திருக்கிறாள். அதைத் தேர்த் திருவிழா பார்த்ததுபோலச் சொன்னாள். வகுப்பில் வாத்தியார் "நீ என்ன நெனைக்கற" என்று கேட்கிறாராம். பதில் சொல்ல வேண்டுமே என்று யோசிக்கப் பழகினாளாம். ஹாஸ்டல் சமையல்கட்டில் பிரேசில் பிள்ளைக்கும் துருக்கிப் பிள்ளைக்கும் சாதம் வைத்துக் கொடுத்து, அவர்களிடம் ரொட்டி சுடக் கற்றிருக்கிறாள். பாடம் இங்கேயும்தான் இருக்கிறது நங்கை. தான் எவ்வளவு கெட்டி என்பது அங்கே போய்த்தான் இவளுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தவள்தான் உங்கள் கடைசி நாட்களைத் தாங்கினாள். ஆஸ்பத்திரியில் அண்ணன் வாயடைத்து பெஞ்சில் கிடந்தார். டாக்டரை நேருக்கு நேர் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டு, எங்களுக்குப் புரிகிற மாதிரி வந்து சொன்னது தாரணிதான். படுத்துக்கொண்டே அதைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

சேதி என்னவென்று கேட்கிறீர்களா? ஜெர்மனியில் அவள் படித்த அந்தக் காலேஜிலேயே மேல்படிப்புக்கு இரண்டு வருடம் வரச் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போதுதான் அப்பாவிடம் சொன்னாள். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருக்கப்போகிற மனுஷன், என்ன சொல்வாரோ?

"போயிட்டு வா கண்ணு. இந்தச் சாதம் எப்படி வெக்கறதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துப்போட்டுப் போ" என்றார்.

எழுந்து போய் உங்கள் படத்துக்குச் சூடம் காட்டினேன். மறுபடியும் ஒருமுறை காட்டினேன். மருதமலைப் படியில் நீங்கள் சொன்னதை இப்போது நான் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பிள்ளையை அனுப்பப் பயப்படுகிற தாய் யாரைப் பார்த்தாலும் விடுவதில்லை.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு ஏர்போர்ட்டில் அவள் உள்ளே போகும்போது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "திரும்பிப் பாத்தாளா அம்மணி?" என்றீர்கள். இல்லை என்றேன். "அப்பச் செரி" என்று சொல்லிவிட்டுக் காப்பி வேண்டும் என்றீர்கள். வியாதி வந்த பிறகு நீங்களாகக் கேட்டு வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது அந்தக் காப்பி ஒன்றுதான்.