உப்பு ஜாடியில் ஒட்டிய சொல்

செல்ல மகன் சுபாஷுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ரஞ்சனி எழுதுவது. தோஹாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மனசுதான் யாருக்கும் சரியில்லை. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பக்கத்து வீட்டு இனியவன் லீவு முடிந்து அங்கே திரும்பும்போது ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நான் சொல்வதை இவள் திருத்தி எழுதுகிறாள், எதையும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

விஷயமே இவளைப் பற்றித்தான். வல்லம் வடகாலில் இவள் வேலை பார்க்கும் கம்பெனியில் நான்கு பேரை ஒரு வருடப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பப்போகிறார்கள், திரும்பி வந்தால் லைனில் நிற்க வேண்டாம், ஆபீஸ் வேலை. அதற்கு ஜப்பான் மொழியில் பரீட்சை. நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி, இது வராதா என்று நானும் இருந்துவிட்டேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தேறவில்லை. வருகிற சனிக்கிழமை மூன்றாவது முறை, அதோடு சரி. ஜப்பான் சொல் தெரியாமல் தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இங்கிலீஷில்தான் விளக்கம், பரீட்சையிலும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டுமாம். இவள் தமிழில் கணக்குப் படித்தவள். அன்றைக்கு ஒரு சொல்லுக்கு இரண்டு வரி விளக்கம், அதில் நான்கு வார்த்தை தெரியாது, நான்கையும் போனில் தேடி ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள். கடைசியில் பார்த்தால் அது கீறல். நாள் முழுக்க லைனில் கீறல் விழுந்த பீஸைப் பொறுக்கி எடுப்பதுதான் இவள் வேலையே. ஏண்டி, கீறல்னா இன்னான்னு கேட்டுக்கினு வர வெள்ளைக்காரன் வூட்டுக்குப் போயிருந்தியா என்று கேட்டேன். சிரிப்பாள் என்று பார்த்தால் அழுதாள்.

இன்னொன்று கேள். வீட்டுச் சாமான் மேலெல்லாம் சீட்டு ஒட்டியிருக்கிறாள், ஜப்பான் சொல் தமிழ் எழுத்தில், அதன் கீழே இங்கிலீஷ். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள், கீழே இருப்பதைப் பார்ப்பதே இல்லை. உப்பு ஜாடியில் ஷியோ, அரிசி டப்பாவில் கோமே, துடைப்பத்தில் ஹோகி. ஒரு மாதத்தில் முப்பது சொல் எனக்கு வந்துவிட்டது. கேன்டீனில் என்னோடு பாத்திரம் கழுவும் சொர்ணம்மாள், இன்னாக்கா, ஜப்பானுக்குப் பொண்ணு போவுதா நீ போறியா என்று கிண்டல் செய்கிறாள். எனக்கு வருவது இவளுக்கு வராதா? உப்பு என்று எழுதினால் அது உப்பில்லையா? கேட்டால், பாடம் எடுத்துப் பேப்பர் திருத்துகிற சாருக்குத் தமிழ் தெரியாதும்மா, புனேக்காரர் என்கிறாள். சரி, அர்த்தத்தைப் படம் போட்டாவது காட்டட்டுமா என்று அவரைக் கேட்கச் சொன்னால், அதை இங்கிலீஷில் கேட்க நாக்கு எழவில்லையாம், கூட இருப்பவர்கள் சிரிப்பார்களாம். வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும் என்று அப்பா திட்டிவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் சுங்குவார்சத்திரம் போய் பஜ்ஜி வாங்கிவந்து இவள் பக்கத்தில் வைத்தார். அதையும் தொடவில்லை. ஆறு மாசமா ஒரே ரூம்ல அவரும் நீயும் உக்காந்துகினு இருக்கீங்க, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பேச்சு கூடவா இல்ல என்று இப்போதுதான் கத்தினேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதுடி என்ற பிறகுதான் எழுதுகிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவளுக்குப் போன் போடு. புத்தி சொல்லாதே, வாயைத் திறக்க வை. ஏசி மாட்ட உயரத்தில் ஏறும்போது பெல்ட் போடாமல் ஏறாதே, மறந்துவிடாதே. நீ நிற்கும் இடத்தில் நிழலும் தண்ணீரும் குறையாமல் இருக்கட்டும்.

உன் அம்மா,
பாப்பம்மாள்

அண்ணா, இது நானாக எழுதுவது. சத்தியம் செய்ததால் எதையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை போன் வேண்டாம், சனிக்கிழமை பரீட்சை முடிந்ததும் பேசு. சாருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பேச்சு இருக்கிறது, ஆறு மாதமாக அவர் சொல்லிக்கொடுத்ததே அதுதான். படம் வரைந்து காட்டலாமா என்று நாளைக்கு ஜப்பான் மொழியிலேயே கேட்கப்போகிறேன். அம்மா முன்னால் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, அதுல ஒண்ணு கூட நம்ம வூட்டு சாமான் இல்லியேடி என்றார்.