முதல் வெள்ளியில் நிற்காத மேக்ரோ

இன்று காலை புதுக்கடையில் உமது கல்லறைக் கல்லை வெட்டுகிறவர், "மாசத்த நம்பர்ல போட்டா போராதா சாரே? எடம் மிச்சமாவும்" என்றார். எழுத்தில்தான் வேண்டும் என்றேன். நீர் அருகில் நின்றிருந்தால், "இந்தப் பஞ்சாங்கம் சொன்னா கேளும்வேய்" என்று அவரிடம் என்னைக் கேலி செய்திருப்பீர்.

2009. மணவாளக்குறிச்சிக்கு அருகே, பங்குக் கோயில் மருந்தகத்தில் காசநோய் மாத்திரை கொடுப்பது உமது பணி. மாதந்தோறும் முதல் வெள்ளிப் பூசைக்கு வருகிறவர்கள் அப்படியே மாத்திரையும் வாங்கிச் செல்ல ஏற்பாடு செய்தவர் நீர். வராதவர்களின் பெயர்களை அந்தந்த மாதத் தாளில் சேர்க்க, கணினியில் தானே ஓடும் சிறு நிரலாக நான் ஒரு மேக்ரோ அமைத்துக் கொடுத்திருந்தேன். அந்தத் தாளுடன் நீர் சைக்கிளில் அவர்களைத் தேடிப் போவீர்.

ஜூனிலும் ஜூலையிலும் தாள் வெறுமையாக இருந்தது. "ஒருத்தரும் விடல்ல ஓய்! மாதாவுக்கு மெழுகுதிரி கத்திச்சாச்சு" என்றீர்.

ஆகஸ்டில் திருவிழாவை முன்னிட்டு மாத்திரை நாள் 21க்குத் தள்ளிப்போயிற்று. அன்று மேக்ரோ பாதியில் நின்றது. வந்து பார்த்தேன். மே மாதம் பழுதுபார்த்தபோது கணினியின் வட்டார மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாகியிருந்தது. அதில் தேதி எழுதினால் மாதம் முன்னே, நாள் பின்னே. நாளின் எண்ணை மாதமென்று கொண்ட மேக்ரோ, இருபத்தொன்றாம் மாதத்தின் தாளைத் தேடி, காணாமல் நின்றிருக்கிறது. அமைப்பை இந்திய முறைக்கு மாற்றினேன். ஓடியது. பையை எடுத்தேன்.

"நின்னத சரியாக்கியாச்சு. நிக்காம ஓடினது எங்க போச்சுன்னு பாக்காண்டாமா, ஓய்?" என்றீர்.

முதல் வெள்ளி ஏழாம் தேதியைத் தாண்டாது. அந்த எண்ணில் ஒரு மாதம் எப்போதும் உண்டு. ஆகவே மேக்ரோ நிற்கவில்லை. ஜூலை 3ஐ மார்ச் 7 என்று வாசித்து, வராதவர்களை முடிந்துபோன மார்ச்சில் எழுதி வைத்திருந்தது. ஜூனில் வராதவர்கள் மே மாதத் தாளில் இருந்தார்கள். இரண்டிலும் ஒரு மீன்காரியின் பெயர்.

அப்போதே கிளம்பினோம். அவள் பாயில் கிடந்தாள், எலும்பும் இருமலுமாக. "ரெண்டு மாசமா அண்ணன் வரும்னு பாத்தேன்" என்றாள்.

"இனி வருவேன் மக்கா" என்றீர்.

அக்டோபரில் அவளை அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகு தாள் வெறுமையாக வந்த மாதங்களில் நீர் மெழுகுதிரி ஏற்றவில்லை. எல்லா வீடுகளுக்கும் போனீர். அவளுடைய பிள்ளைகள் இருந்த வீட்டுக்கும்.

உமது இடத்தில் இப்போது ஒரு செவிலி இருக்கிறார். கணினி அமைப்பு சரியாகவே இருக்கிறது. ஆயினும், "இந்த மாசம் ஆருமில்ல சாரே" என்று அவர் சொல்லும்போதெல்லாம், முடிந்துபோன மாதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே பையை எடுக்கிறேன்.