மூலம் எடுத்தால் வேகம்

அன்பு மச்சானுக்கு,

மேலே சௌகரியமா இருப்பீங்க. இங்கே உங்க மகள் செல்வி நாமக்கல் காலேஜில் இயற்பியல் முடித்துவிட்டாள். நம்ம கொல்லிமலைப் பைல் நாட்டிலேயே இந்தப் படிப்பு முடித்த முதல் ஆள்! இன்னும் படிக்கணும் என்கிறாள். அக்காவோ, மகளுக்குக் கல்யாணம் முடிக்கணும் என்கிறாள். வருகிற மாப்பிள்ளை வீடெல்லாம் மூல நட்சத்திரம் என்றதும் காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிடுகிறது. பெண் மூலம் நிர்மூலமாம். உங்க நெஞ்சு நின்றதற்குக்கூட அவளைத்தான் காட்டுகிறார்கள் மச்சான். அது அவள் காதிலும் விழுந்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? பிறந்த நேரத்தைத் தள்ளி எழுதி வேறு நட்சத்திரமாக்க ஜோசியரிடம் பேசிவிட்டேன். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை.

"நேரம் மாறணும்னா வேகமாப் போகணும் மாமா. வேகமாப் போற கடிகாரம் மெதுவா ஓடும்."

"எவ்வளவு வேகம் சாமி? நமக்கு ரெண்டு மணி ஆகறப்ப அதுக்கு ஒரு மணிதான் ஆகணும்."

ஜாதகத்தின் பின்பக்கமே எழுதினாள். சூத்திரம் நேரத்தைத்தான் சொல்கிறது. வேகம் அதற்குள்ளே மறைந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்று அரை. அரையின் வர்க்கம் கால். ஒன்றில் கால் போனால்? எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் கணக்குக்கு என்னைக் கண்டால் பயம். "முக்கால்! வெளிச்சத்தோட வேகத்துல முக்கால்!" என்று முந்திக்கொண்டு கத்தினேன்.

"இல்லீங்க மாமா. மூலத்தை விட்டுட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "உன்ர மூலத்தை இப்ப ஆரு கண்ணு கேட்டா?"

சிரித்தாள் மச்சான், நீங்க போன பிறகு முதல்முறையாக. "வர்க்கமூலம் மாமா! முக்கால்ங்கறது வர்க்கம். மூலம் எடுத்தாத்தான் வேகம் வெளிய வரும்." எடுத்தாள். நூற்றுக்கு எண்பத்தாறரைப் பங்கு!

உடம்பு சிலிர்த்துப்போச்சு. சேந்தமங்கலத்து பஸ் மலையேறுகிற ரெண்டு மணியில் வெளிச்சம் சூரியனுக்கு ஏழு தடவை போய்வருமாம். ஊரில் பத்து என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதைத் துரத்துகிற வேகத்தை ஒரு பேனாவால் பிடித்துவிட்டாளே, இவளா குடும்பத்தை அழிப்பாள்? இவள் பிறந்த நேரத்தைத் திருத்த நான் யாருங்க?

வெள்ளிக்கிழமை ஒரு மாப்பிள்ளை வீடு வருகிறது. நட்சத்திரத்தை உள்ளபடி சொல்வேன். எழுந்தால் பஸ் ஏற்றிவிடுவேன். உட்கார்ந்தால், படிப்பு முடியும்வரை காத்திருக்கச் சொல்வேன். திங்கட்கிழமை சேலத்தில் மேற்படிப்புக்கு அவளைச் சேர்ப்பேன். அக்காவைச் சமாளிப்பது என் பாடு. இதில் ஒரு சொல்கூட நான் ஜோடிக்கவில்லை மச்சான்.

உங்கள் மைத்துனன்,
செல்வியின் தாய்மாமன்
பழனியப்பன்